பட்டறையில் மும்மொழிக் கொள்கை

கோயம்புத்தூரில் ஜப்பான் மொழியைக் காதால் கேட்க வேண்டுமென்றால் காசு கட்டி வகுப்பில் சேர வேண்டியதில்லை. காலை எட்டு மணி வாக்கில் கணபதியிலோ சின்னவேடம்பட்டியிலோ குறிச்சி சிட்கோவிலோ ஒரு பட்டறை வாசலோரம் நின்றால் போதும். உள்ளே வரிசை கட்டி நிற்கிறவர்கள் வலது கையை முன்னால் நீட்டி, “சேய்ரி, சேய்டன், சேய்சோ, சேய்கெட்சு, சிட்சுகே” என்று ஒரே குரலில் சொல்வது எதிர்ச்சாரிப் பேக்கரி வரைக்கும் கேட்கும். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் ஏதோ பஜனை என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வதும் உண்டு.

இதற்கு ஃபைவ் எஸ் என்று பெயர். வேண்டாததைக் கழித்துக்கட்டு, வேண்டியதை அதனதன் இடத்தில் வை, கூட்டித் துடை, அந்த நிலை கெடாமல் பார்த்துக்கொள், இதையெல்லாம் யாரும் சொல்லாமலே செய். விஷயம் அவ்வளவுதான். ஜப்பான் தொழிற்சாலைகளில் வளர்ந்த இந்தப் பழக்கம் கார், ஸ்கூட்டர் கம்பெனிகள் வழியாக இங்கே வந்தது. சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் 1998இல் ஜப்பானின் டெமிங் விருதை வாங்கியபோது, இந்தியாவில் அதை வாங்கிய முதல் கம்பெனி என்று பேப்பரெல்லாம் எழுதின. பெரிய கம்பெனி ஒரு சாமியைக் கும்பிட ஆரம்பித்தால் அதற்கு உதிரிபாகம் செய்து கொடுக்கிற சின்ன கம்பெனி வேறு சாமியைக் கும்பிட முடியுமா? அவினாசி ரோட்டு வழியாக நம் ஊருக்குள்ளும் ஜப்பான் இறங்கிவிட்டது.

ஐந்து சொல்லோடு நின்றிருந்தால் சமாளித்திருப்போம். கூடவே கைசன், கான்பான், கெம்பா, முடா, போகா யோக்கே, ஆண்டான், ஃபுகுவாய் என்று ஒரு கல்யாணக் கூட்டமே வந்தது. ஒறம்பரை வந்தால் முகம் சுளிக்கிற வழக்கம் கொங்கு நாட்டில் கிடையாது என்பதால் எல்லாருக்கும் பாய் விரித்தோம். தங்கிவிட்டார்கள்.

இதில் ஆண்டான் என்பது, மெஷின் நின்றுபோனால் எரிகிற விளக்கு. ஜப்பானில் காகிதம் ஒட்டிய பழைய கால விளக்குக்கு அந்தப் பெயராம். நமக்கு ஆண்டான் என்றால் யாரென்று தெரியும். “ஆண்டான் செவப்பாயிட்டானுங்க!” என்று ஒரு ஆப்பரேட்டர் சத்தம் போட்டால், முதலாளி கோபமாக வருகிறார் என்றுதான் அடுத்த மெஷின்காரர் எடுத்துக்கொள்வார். பெரும்பாலும் அதுவும் சரியாகவே இருக்கும்.

முடா என்றால் வீண் செலவு, வீண் வேலை. டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ ஏழு வகை முடாவைப் பட்டியல் போட்டார். நம் பக்கத்தில் மொடா என்றால் பெரிய பானை. மொடாக்குடியன் என்ற பட்டம் அதிலிருந்து வந்தது. பயிற்சி கொடுக்க வந்தவர், “இந்தப் பட்டறையில ஏழு முடா இருக்கு, ஒவ்வொண்ணா வெளிய தூக்கணும்” என்று சொன்ன அன்றைக்கு, நைட் ஷிப்டைச் சேர்ந்த சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு தலையைக் குனிந்தார்கள். யார் போட்டுக் கொடுத்தது என்பதுதான் அவர்களுக்குப் புரியவில்லை.

கெம்பா என்றால் வேலை நடக்கிற இடம். முதலாளி ஏசி அறையை விட்டு வெளியே வந்து மணலையும் உருகிய இரும்பையும் கண்ணால் பார்ப்பதற்குக் கெம்பா நடை என்று பெயர். “எம்.டி. கெம்பா போயிருக்காருங்க” என்று ரிசப்ஷனில் சொன்னதை நம்பி, இரும்பு பாக்கி வசூல் செய்ய வந்த ஒருவர் கெம்பட்டி காலனி வரைக்கும் வண்டியை விட்டு, நகைப் பட்டறைச் சந்துகளில் நெடுநேரம் தேடியிருக்கிறார். பாக்கி வைத்திருந்தவருக்கு ஜப்பான் மொழி மேல் பக்தி வந்தது அன்றைக்குத்தான்.

அந்தப் பாக்கிக்காரர் என் மைத்துனர். பம்ப் பாடி வார்க்கிற ஃபவுண்டரி வைத்திருக்கிறார். நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியன். ஃபவுண்டரிக்கும் எனக்கும் உள்ள தொடர்பு, ஆயுத பூசைக்குப் பொரி வாங்கித் தின்பதோடு முடிந்தது. அப்படிப்பட்ட என்னை ஒரு நாள் போனில் கூப்பிட்டார்.

“ஏனுங் மச்சான், சும்மாதான இருக்கறீங்க? ஒரு மீட்டிங்கு. நீங்க வந்தே ஆகோணும்.”

“எனக்கென்ன மாப்ள தெரியும், இரும்பைப் பத்தி?”

“இரும்பு இல்லீங் மச்சான். வார்த்தை.”

விஷயம் இதுதான். புதிதாக ஒரு கன்சல்டன்ட் வந்திருக்கிறார். பழைய கன்சல்டன்ட் ஜப்பான் பக்தர். இவர் அதற்கு எதிர்க்கட்சி. ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி பண்ணுகிற பட்டறையில் ஜப்பான் சொற்கள் எதற்கு, எல்லாவற்றையும் தூக்கிவிட்டு இங்கிலீஷில் வைத்தால் என்ன என்று கேட்டிருக்கிறார். சுவரில் இருக்கிற அத்தனை போர்டையும் மாற்ற வேண்டும். மாற்றலாமா, கூடாதா? அதைத் தீர்மானிக்கத்தான் மீட்டிங்கு. தட்டில் உருளைக்கிழங்கு போண்டா இருந்தது. அதிக உற்பத்தியும் ஒரு முடா என்று ஓனோ சொல்லியிருப்பதால், மிஞ்சாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

கன்சல்டன்ட் எழுந்து பேசினார். சேய்ரி என்பதற்கு சார்ட், சேய்டனுக்கு செட் இன் ஆர்டர், சேய்சோவுக்கு ஷைன், சேய்கெட்சுவுக்கு ஸ்டாண்டர்டைஸ், சிட்சுகேவுக்கு சஸ்டெய்ன். ஐந்தும் எஸ் எழுத்திலேயே ஆரம்பிக்கிற அழகை இரண்டு தரம் சொல்லிக் காட்டினார். எதுகை மோனைக்காக அர்த்தத்தை வளைக்கிற வேலையை வெண்பாப் போட்டியில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இன்ஜினியரிங்கிலும் அது நடக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கூட்டித் துடைப்பதற்கும் ஷைன் என்று பளபளப்பதற்கும் என்ன சம்பந்தம்? ஃபவுண்டரியில் பளபளக்கிற ஒரே பொருள் முதலாளியின் கார். சிட்சுகே என்பது ஜப்பானில் பிள்ளைகளுக்குப் பழக்கவழக்கம் சொல்லிக் கொடுப்பதைக் குறிக்கும் சொல்லாம். அதைச் சஸ்டெய்ன் என்று மாற்றினால், ஒரு தாயின் அதட்டல் கம்பெனி ஆண்டறிக்கையாகிவிடுகிறது.

அடுத்ததாக ஏழு முடாவையும் நினைவில் வைத்துக்கொள்ள ஒரு வழி சொன்னார். ஏழு வீணுக்கும் உள்ள இங்கிலீஷ் பெயர்களின் முதல் எழுத்தைச் சேர்த்தால் ‘டிம்வுட்’ என்று வருமாம். “எல்லாரும் டிம்வுட்ட ஞாபகம் வெச்சுக்கங்க. டிம்வுட்தான் நம்ம எதிரி” என்றார். கடைசி பெஞ்சில் மோல்டிங் மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். எழுபதை நெருங்குகிற வயது. மைத்துனரின் அப்பா காலத்தில் இருந்து இருப்பவர் என்பதால் அவர் பேசினால் எல்லாரும் கேட்போம்.

“ஏனுங், அந்த டிம்வுட் தொரை எந்த எஸ்டேட்டுங்க? வால்பாறைங்களா?”

யாரும் சிரிக்கவில்லை. கன்சல்டன்ட் உட்கார்ந்தார்.

இங்கிலீஷ் கட்சிக்கு இன்னொரு பேச்சாளர், மைத்துனரின் மகள். சரவணம்பட்டிப் பக்கம் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, இப்போது அப்பாவுக்குத் துணையாக ஃபவுண்டரிக்கு வந்திருக்கிறாள். கெட்டிக்காரி. எந்தெந்த ஜப்பான் சொல்லுக்கு எந்த இங்கிலீஷ் சொல் என்று கட்டம் போட்டு அச்சடித்தே கொண்டு வந்திருந்தாள். கட்டத்தை மேலிருந்து கீழே பார்த்தேன். எல்லாம் மாறியிருந்தது, ஒன்றைத் தவிர.

“கான்பான் மட்டும் அப்படியே இருக்குதே, சாமி?”

“அது இங்கிலீஷ்தானுங்களே, மாமா.”

அவள் வேலை பார்த்த இடத்தில் கான்பான் என்றால் கம்ப்யூட்டர் திரையில் மூன்று பத்தி, அதில் கலர் கலராகச் சீட்டுகள்: செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, செய்து முடித்தது. ஃபவுண்டரியில் கான்பான் என்றால் இரும்புப் பெட்டியில் தொங்குகிற அழுக்கு அட்டை. பெட்டி காலியானால் அட்டை பின்னால் போகும், அட்டை வந்தால்தான் முன்னால் இருப்பவன் அடுத்த பெட்டியை நிரப்புவான். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் எடுத்த சாமானுக்கு மட்டும் அலமாரியை நிரப்புகிற முறையிலிருந்து ஓனோ எடுத்த யோசனை அது. ஜப்பானில் கான்பான் என்பது கடை வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை. ஆக, அமெரிக்கக் கடையைப் பார்த்து ஜப்பான்காரர் செய்து, அதை அமெரிக்க சாஃப்ட்வேர்காரர் எடுத்து, சரவணம்பட்டிக்கு அனுப்பி, அங்கே அது இங்கிலீஷ் ஆகிவிட்டது. பத்து வருஷம் போனால் கைசனும் இங்கிலீஷ் ஆகிவிடும். அதுவரைக்கும் பொறுத்துக்கொண்டால் போர்டு மாற்றுகிற செலவு மிச்சம் என்று நான் சொன்னது மைத்துனருக்குப் பிடித்திருந்தது. கோயம்புத்தூர் முதலாளியிடம் கொள்கையைப் பேசக்கூடாது, செலவைப் பேச வேண்டும்.

ஜப்பான் கட்சியின் தலைவர் குவாலிட்டி மேனேஜர். எப்போதோ ஜப்பானில் சில வாரம் பயிற்சிக்குப் போய் வந்தவர். அதிலிருந்து எதற்கும் இடுப்பை வளைத்துத்தான் வணக்கம் சொல்வார். கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவருக்கும் அதே வணக்கம். அவர் வாதம், மந்திரத்தை மொழிபெயர்த்தால் பலிக்காது என்பது. தவிர, ஜப்பான் மொழியே தமிழிலிருந்து போனதுதான் என்று ஒரே போடாகப் போட்டார். டோக்கியோவில் சுசுமு ஓனோ என்ற மொழியியலாளர் தமிழுக்கும் ஜப்பான் மொழிக்கும் உறவு இருக்கிறது என்று பல வருஷம் எழுதியது உண்மை. யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் அவரோடு சேர்ந்து உழைத்ததும் உண்மை. மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை என்பதும் உண்மை. மேனேஜருக்கு மூன்றாவது உண்மை வாட்ஸ்அப்பில் வரவில்லை. ஆகையால் ஆண்டான், ஆண்டானேதான் என்று சாதித்தார்.

மந்திரம் என்று அவர் சொன்னதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஜப்பான்காரர்களுக்கு அதெல்லாம் மந்திரமே கிடையாது. வீட்டிலும் தெருவிலும் புழங்குகிற சொற்கள். கெம்பா என்பதை அவர்கள் டிவியில் விபத்து நடந்த இடத்திலிருந்து பேசுகிற நிருபரே சொல்வார். அதைவிடப் பெரிய வேடிக்கை, எங்கே இங்கிலீஷ் வசதியோ அங்கே அவர்கள் கூச்சமே இல்லாமல் இங்கிலீஷை எடுத்துக்கொண்டார்கள். டொயோட்டாவைத் தொடங்கிய கியிச்சிரோ டொயோடா 1930களிலேயே ‘ஜஸ்ட் இன் டைம்’ என்று இங்கிலீஷிலேயே சொன்னார். தரக்கட்டுப்பாட்டை அவர்கள் க்யூசி என்பார்கள். 1962இல் மேற்பார்வையாளர்களுக்காக அங்கே ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். அதன் பெயர் ‘கெம்பா தோ க்யூசி’. தலை ஜப்பான், வால் இங்கிலீஷ். மெஷின் பராமரிப்புக்கு வைத்த டிபிஎம் என்ற மூன்றெழுத்து இங்கிலீஷ்தான், ஆனால் பிறந்தது ஜப்பானில். இத்தனைக்கும் தரக்கட்டுப்பாட்டுப் பாடத்தை 1950இல் அவர்களுக்கு நடத்திய டெமிங் ஒரு அமெரிக்கர். பிறகு 1988இல் ஜான் கிராஃப்சிக் என்ற அமெரிக்கர் டொயோட்டா முறைக்கு ‘லீன்’ என்று பெயர் வைத்தார். ஒல்லி என்று அர்த்தம். நம் மத்திய அரசே 2023 மார்ச்சில் சிறுதொழில்களுக்கு ஒரு லீன் திட்டம் கொண்டுவந்தது. அந்தத் திட்டத்தைக் கேட்க வந்தவர்களில் ஒல்லியானவர் யாரும் இல்லை.

திருப்பூரில் இதற்கு இன்னும் நல்ல சாட்சி இருக்கிறது. அங்கே பனியன் கம்பெனிகளில் ஓடுகிற தையல் மெஷின்களில் ஜூக்கி, பிரதர், பெகாசஸ், யமாட்டோ என்று ஜப்பான் கம்பெனிப் பெயர்களே வரிசையாகத் தெரியும். அந்த மெஷினை ஜப்பானில் என்னவென்று சொல்கிறார்கள் தெரியுமா? ‘மிஷின்’. இங்கிலீஷ்காரன் சொன்ன மெஷினைத்தான் அவர்கள் அப்படிப் பிடித்துக்கொண்டார்கள். டோக்கியோ டெய்லரும் திருப்பூர் டெய்லரும் சந்தித்தால் ஒருவர் சொல்வது ஒருவருக்குப் புரியாது, மிஷின் ஒன்றைத் தவிர. சம்பளம் என்ற விஷயத்தைப் பேச அது பத்தாது என்றாலும், ஆரம்பத்துக்குப் போதும்.

நாமும் சளைத்தவர்கள் இல்லை. ரிக்‌ஷா ஜப்பான் சொல். முழுப்பெயர் ஜின்ரிகிஷா: மனிதன், பலம், வண்டி. நாம் எடுத்துக்கொண்டபோது முதலில் இருந்த மனிதனைக் கழற்றிவிட்டோம். 2004 டிசம்பரில் சுனாமி வந்தது. ஆழிப்பேரலை என்று அழகாக ஒரு சொல் செய்து கொடுத்தும் மீனவர் குப்பத்துக் குழந்தை வரைக்கும் சுனாமி என்றுதான் சொல்கிறது.

போகா யோக்கேவுக்கு வருகிறேன். ஜிக்கில் பாகத்தைத் தப்பாக மாட்டவே முடியாதபடி ஒரு முளை வைப்பது, பின் ஒன்றைத் தடியாகச் செய்வது போன்ற ஏற்பாட்டுக்கு அந்தப் பெயர். நம் வீட்டு மூன்று பின் பிளக்கில் ஒரு பின் மட்டும் தடியாக இருப்பதும் அந்த ஜாதிதான். கட்டத்தில் இதற்கு நேரே ‘ஃபூல் ப்ரூஃப்’ என்று போட்டிருந்தது. மேஸ்திரி மறுபடியும் எழுந்தார்.

“அந்த ஃபூலு ஆருங்க?”

சபையில் நிசப்தம். முளை வைத்த மெஷினில் நிற்பது அவர் மகன்.

இதே கேள்வி ஜப்பானிலும் வந்திருக்கிறது. இந்த முறையைப் பரப்பிய ஷிகெயோ ஷிங்கோ முதலில் இதற்கு ‘பாகா யோக்கே’ என்றுதான் பெயர் வைத்தார். பாகா என்றால் முட்டாள். 1963இல் அரகாவா என்ற வாகனத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு பெண், நான் என்ன அவ்வளவு முட்டாளா என்று அழுதிருக்கிறார். அதற்கப்புறம் ஷிங்கோ பெயரை மாற்றினார். போகா என்றால் கவனக்குறைவில் நேர்கிற தவறு. அது யாருக்கும் வரும், எம்.டி.க்கும் வரும். ஒரு பெண் அழுததற்காக ஜப்பான்காரர் தூக்கிப் போட்ட முட்டாளை, இங்கிலீஷ் வழியாக நாம் திரும்பக் கூட்டி வரப் பார்த்தோம். மைத்துனரின் மகள் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டாள். சொன்னேனே, கெட்டிக்காரி என்று.

தமிழ்க் கட்சி என்று ஒன்று இருந்தாக வேண்டுமே. அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டது. கட்சியின் தலைவர், செயலாளர், தொண்டர் எல்லாம் நானே. எங்கள் கட்சிக்கு இந்த வட்டாரத்தில் நல்ல பாரம்பரியம் உண்டு. 1916லேயே பக்கத்துச் சேலத்தில் ராஜாஜி முதலானவர்கள் அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள். நம் ஊரில் பீளமேட்டு ஜி.ஆர்.தாமோதரன் நடத்திய ‘கலைக்கதிர்’ பல தலைமுறை மாணவர்களுக்குத் தமிழில் விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்தது. இந்தப் பெருமையெல்லாம் நெஞ்சில் நிறைய, நானும் வீட்டில் உட்கார்ந்து ஒரு பட்டியல் தயாரித்திருந்தேன். போகா யோக்கே: பிழை புகா அமைவு. ஆண்டான்: எச்சரி விளக்கு. கைசன்: தொடர் மேம்பாடு. வாசித்தபோது எனக்கே புல்லரித்தது.

மேஸ்திரி பொறுமையாகக் கேட்டார். “வாத்தியாருங்க சொல்றது கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குதுங்க. ரேடியோல வர்ற மாதிரி” என்றார்.

அதோடு நிற்காமல் அவர் சொன்னதுதான் அன்றைய கூட்டத்தின் தீர்ப்பு:

“ஏனுங், நான் ஒண்ணு சொல்றனுங்க. இங்கிலீசுல எழுதி வெச்சா மேனேஜருக்குப் புரியுமுங்க, எங்களுக்குப் புரியாதுங்க. அவரு படிச்சவரு, நாங்க படிக்காதவிக. தெனமும் போர்டைப் பாக்கறப்பெல்லாம் அதுதானுங்க தெரியும். சப்பான்ல எழுதி வெச்சா ஆருக்குமே புரியாதுங்க. அவருஞ் சரி, நாஞ் சரி, ஒட்டுக்கா உக்காந்துதான படிச்சோம்? அது நாயமில்லீங்களா?”

எனக்குத் தெரிந்து மொழிக் கொள்கையைப் பற்றி இவ்வளவு சுருக்கமாகச் சட்டசபையில்கூட யாரும் பேசியதில்லை. ஜப்பான் மொழியின் முன்னால் எம்.டி.யும் ஹெல்பரும் ஒரே பெஞ்சு. சேய்கெட்சு என்று சொல்ல வராமல் மைத்துனர் நாக்கைக் கடித்துக்கொண்டதை ஃபவுண்டரியே பார்த்திருக்கிறது. அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே, வார்ப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்கிற ஃபெட்லிங்கில் வேலை பார்க்கிற ஒரு அம்மா. இங்கிலீஷில் தப்பாகப் பேசினால் அவமானம். ஜப்பானில் தப்பாகப் பேசினால் அதைத் தப்பென்று சொல்ல ஆள் கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது. ஃபவுண்டரியில் இப்போது பாதிக்கு மேல் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பையன்கள். மேஸ்திரிக்கு இந்தி தெரியாது. தெரிந்தாலும் பேசமாட்டார், 1965 இந்தி எதிர்ப்பில் சிறுவனாகவே ஊர்வலம் போனவர். பையன்களுக்குத் தமிழ் ‘சாப்டாச்சா’ வரைக்கும்தான். ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு ஒரு பையன் நகர்ந்தால் மேஸ்திரி, “தம்பி! சேய்டன்!” என்று ஒரு சத்தம் போடுவார். பையன் ஓடிவந்து எடுத்து, பலகையில் அதற்கென்று வரைந்திருக்கிற இடத்தில் மாட்டுவான். 1968இல் சட்டசபையில் தீர்மானம் போட்டு இருமொழிக் கொள்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிற மாநிலம் இது. ஈரோட்டுக்காரருக்கும் ஒடிசாக்காரனுக்கும் இணைப்பு மொழி எது என்று இத்தனை வருஷமாக எல்லாரும் அடித்துக்கொண்டிருக்க, சத்தமே இல்லாமல் ஜப்பான் அந்த வேலையில் சேர்ந்துவிட்டது. யாரும் தார் பூசவில்லை.

கன்சல்டன்ட் கடைசியாக ஒரு நல்ல கேள்வி கேட்டார். லேத், சக், கோர், பேட்டர்ன், மோல்டு எல்லாம் இங்கிலீஷ்தானே, அதை மட்டும் எப்படி ஏற்றுக்கொண்டீர்கள் என்றார். நியாயமான கேள்விதான். 1937இல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்த ஊரில் மோட்டார் செய்தபோதே மோட்டார் தமிழாகிவிட்டது. அந்தச் சொற்களெல்லாம் சாமானோடு கையில் வந்தவை. “கோரு வேகுலீங்க”, “சக்கு புடிக்க மாட்டீங்குது” என்று சொல்கிறவருக்கு அவை இங்கிலீஷ் என்றே தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. சுவரில் எழுதிக் காட்டி வருகிற சொல்லுக்கும் கையில் கரியோடு வருகிற சொல்லுக்கும் உள்ள வித்தியாசம் அது. சுவரில் இருக்கிற பெயரை மாற்றுவது எவ்வளவு சிரமம் என்று இந்த ஊருக்கே தெரியும். 2020 ஜூனில் தமிழ்நாட்டு அரசு 1018 ஊர்களின் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. இங்கிலீஷில் பத்தெழுத்தாக இருந்த நம் ஊர் பதினான்கு எழுத்தானது. நோக்கம் நல்லதுதான். ஆனால் லெட்டர்பேடு, பில் புக்கு, கேட்டு போர்டு எல்லாவற்றிலும் நான்கெழுத்து கூடுவதற்கு என்ன ஆகும் என்று இந்த ஊர்க்காரர்கள் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் ஆணை திரும்பப் பெறப்பட்டுவிட்டது.

முடிவு இப்படி ஆனது. ஜப்பான் சொற்கள் தமிழ் எழுத்தில் மேலே இருக்கும். அதற்குக் கீழே, என்ன செய்ய வேண்டும் என்பது தமிழில். என் ரேடியோத் தமிழில் இல்லை, மேஸ்திரி சொல்லச் சொல்ல எழுதியது. சேய்ரிக்கு ‘வேண்டாததை எடுத்து வெளிய போடு’. சேய்டனுக்கு ‘வெச்சது வெச்ச எடத்துல இருக்கோணும்’. சிட்சுகேவுக்கு ‘ஆரும் சொல்லாமயே செய்யி’. அதற்கும் கீழே இந்தி. இங்கிலீஷ் எங்கே என்று கேட்காதீர்கள். அது ஆடிட்டர் கையில் கொடுக்கிற ஃபைலில் பத்திரமாக இருக்கிறது. கன்சல்டன்டும் சந்தோஷமாகத்தான் போனார். அவருக்கு ஃபீஸ் எந்த மொழியில் வந்தாலும் சம்மதம்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், ஜப்பானைத் தூக்கிவிட்டு இங்கிலீஷை வைப்பதைப் போல உதவாத வேலை வேறு கிடையாது. வாடகைக்கு இருப்பவரைக் காலி செய்து இன்னொரு வாடகைக்காரரை வைப்பதற்கு வெள்ளையடிக்கிற செலவு எதற்கு? வைத்தால் சொந்தக்காரரை வையுங்கள்; அவர் ஊரில் இல்லையென்றால் இருப்பவரே இருக்கட்டும்.

ஒரே ஒரு சொல் மட்டும் இன்னும் தீராமல் இருக்கிறது: ஃபுகுவாய். மெஷினில் எண்ணெய் ஒழுகினாலோ, போல்ட் தளர்ந்தாலோ, எங்கே எது சரியில்லையோ அங்கே ஒரு சீட்டைக் கட்டித் தொங்கவிட வேண்டும். ஆப்பரேட்டரே சரிசெய்யக் கூடியதென்றால் வெள்ளைச் சீட்டு, மெயின்டனன்ஸ் ஆள் வர வேண்டுமென்றால் சிவப்புச் சீட்டு. மேஸ்திரி ‘நொட்டைச் சீட்டு’ என்றார். எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் குவாலிட்டி மேனேஜர், கஸ்டமர் வருகிற இடத்தில் அந்த வார்த்தை வேண்டாம் என்று இடுப்பை வளைத்துக் கேட்டுக்கொண்டார். பழுது என்றால் முழுசாகக் கெட்டுப்போனது போல இருக்கிறது. குறை என்றால் கோயிலில் வேண்டிக்கொள்வது போல இருக்கிறது. கெடுவதற்கு முன்னால், கெடப்போகிறது என்று காட்டுகிற அந்த நிலைக்கு நம் பக்கத்துச் சொல் ஏதாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் எழுதி அனுப்புங்கள். கொஞ்சம் சீக்கிரம் அனுப்புங்கள். போண்டாத் தட்டுப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் யாரோ ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டியிருக்கிறார்கள். அது நாற்காலிக்கா எனக்கா என்று மைத்துனரும் சொல்லமாட்டேன் என்கிறார்.